வீட்டிலேயே பெரிய கதவுக்குச் சின்னப் பூட்டு

அமெரிக்கப் புறநகரில் இருக்கும் ஒரு சாதாரண வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். டல்லாஸ் பக்கமோ நியூ ஜெர்சியோ, எங்கே என்றாலும் சரி. முன்வாசலில் கனமான கதவு. கைப்பிடியில் ஒரு பூட்டு, அதற்கு மேல் ஒரு டெட்போல்ட், கதவோரத்தில் கேமரா வைத்த அழைப்பு மணி. பார்த்தவுடனே 'வீட்டுக்காரர் ரொம்ப உஷார்' என்று தோன்றும். அப்படியே தலையைக் கொஞ்சம் திருப்பினால், பத்தடி தள்ளி 16 அடி அகலத்தில் 7 அடி உயரத்தில் இன்னொரு கதவு. கராஜ் கதவு. அதில் பெரும்பாலும் சாவித் துவாரமே இருக்காது. அதைத் திறக்கும் ரிமோட், வெளியே நிற்கும் காரின் சன் வைசரில் செருகியிருக்கும். பாதி நாள் அந்த ரிமோட்டும் தேவைப்படாது. கதவு திறந்தேதான் கிடக்கும்.

வீட்டிலேயே பெரிய கதவுக்கு வீட்டிலேயே சின்னப் பூட்டு. இது முதல் தவறு. அதைத் திருத்துகிறேன் என்று கிளம்புகிறவர்களில் பலர் செய்வது அதைவிடப் பெரிய இரண்டாவது தவறு. திருடன் உள்ளே வராமல் இருக்க, வீட்டில் இருப்பவர் வெளியே போகும் வழியைக் கட்டிப்போட்டு விடுகிறார்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கராஜ் பாதுகாப்பு என்ற விஷயம் முழுசாகப் புரியும்.

எது நிஜமான வாசல்?

தமிழ்நாட்டில் கார் நிற்கும் இடம் என்றால் போர்டிகோ, அதற்கு முன்னால் இரும்பு கேட். கார் வெளியே, வீடு உள்ளே, நடுவில் பூட்டிய கதவு. அதனால் 'கராஜ் கதவுக்கு இவ்வளவு பேச்சா?' என்று இங்கே இருப்பவர்களுக்குத் தோன்றலாம். ஆனால் அக்காவோ அண்ணனோ அமெரிக்காவில் இருக்கிற குடும்பங்களில் கேட்டுப் பாருங்கள். முன்வாசல் கதவு விருந்தாளிக்கும் கூரியர்காரருக்கும்தான். வீட்டு ஆட்கள் வருவதும் போவதும் கராஜ் வழியாக. காரை உள்ளே விட்டு, கதவை இறக்கிவிட்டு, கராஜுக்குள் இருக்கும் இன்னொரு சின்னக் கதவு வழியாக நேரே சமையலறைக்கோ ஹாலுக்கோ போய்விடுவார்கள். செருப்பு கழற்றுவதே அங்கேதான்.

மேல்நோக்கி உருண்டு திறக்கும் இந்த வகைக் கதவை சி.ஜி. ஜான்சன் என்பவர் 1921ல் உருவாக்கினார். 1926ல் அதற்கு மின்சார ஓப்பனரும் வந்தது. மழையிலும் பனியிலும் காரை விட்டு இறங்காமல் கதவைத் திறக்கலாம் என்பதுதான் இதன் ஈர்ப்பு. அதாவது, கராஜ் கதவு பிறந்ததே சௌகரியத்துக்காக. பூட்டு என்பது அதில் பின்னால் ஒட்டிக்கொண்ட வேலை. இன்று வரை அந்தக் குணம் மாறவில்லை.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. கதவு கனமாக இருக்கிறது, அதனால் பத்திரம் என்று நினைப்பது. இரண்டு கார் அகலமுள்ள இரும்புக் கதவு 70 கிலோ முதல் 100 கிலோ வரை இருப்பது சாதாரணம்தான். ஆனால் அந்த எடையை மோட்டார் தூக்குவதில்லை. மேலே முறுக்கி வைத்திருக்கும் ஸ்பிரிங்தான் தாங்குகிறது. ஸ்பிரிங் நல்ல நிலையில் இருந்தால், மோட்டாரிலிருந்து விடுவித்த கதவை ஒரு கையால் தூக்கிவிடலாம். ஆக, கதவைத் திருடனிடமிருந்து தடுத்து நிறுத்துவது அதன் கனம் அல்ல. மோட்டாரோடு கதவை இணைக்கும் ஒரே ஒரு சின்னக் கொக்கி.

ஓட்டைகள் எங்கே?

வரிசையாகப் பார்க்கலாம். இந்த வரிசையே முக்கியம். ஏனென்றால் எல்லோரும் கடைசியில் இருப்பதைப் பார்த்துப் பயந்து, முதலில் இருப்பதை விட்டுவிடுகிறார்கள்.

முதல் ஓட்டை, கதவைத் திறந்தே விடுவது. சிரிப்பாக இருக்கலாம். ஆனால் திறந்த கராஜுக்குள் நுழையத் திருடனுக்கு எந்தத் திறமையும் தேவையில்லை. தோட்ட வேலைக்காகத் திறந்தது, குழந்தை சைக்கிளை எடுக்கத் திறந்தது, காற்று வரட்டும் என்று அரை அடி தூக்கி வைத்தது. தெருவில் போகிறவருக்கு உள்ளே என்ன இருக்கிறது, எந்தக் கார் இல்லை என்பதெல்லாம் கடை ஷோகேஸ் மாதிரி தெரியும்.

இரண்டாவது, காரில் இருக்கும் ரிமோட். வீட்டுக்கு வெளியே டிரைவ்வேயில் கார் இரவெல்லாம் நிற்கிறது. கார்க் கண்ணாடியை உடைக்கிறவனுக்கு வைசரில் இருக்கும் ரிமோட் வீட்டுச் சாவி மாதிரி. வேறு எங்கோ மாலில் நிறுத்திய காராக இருந்தாலும் தப்பில்லை. அமெரிக்காவில் பெரும்பாலானோர் காரின் பதிவுச் சீட்டை கிளவ் பாக்ஸில்தான் வைத்திருப்பார்கள். அதில் விலாசம் இருக்கும். சாவியும் விலாசமும் ஒரே இடத்தில்! புது கார்களில் ரிமோட்டே தனியாக இருக்காது, கண்ணாடிக்கு மேலே பொத்தானாகவே பதித்திருப்பார்கள். காரை விற்கும்போது அந்த நினைவகத்தை அழிக்க வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. வீட்டு ரிமோட்டைக் காரோடு சேர்த்து விற்றுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

மூன்றாவது, கராஜிலிருந்து வீட்டுக்குள் போகும் அந்தச் சின்னக் கதவு. முன்வாசலுக்கு இரண்டு பூட்டு போட்டவர் இதைப் பூட்டுவதே இல்லை. 'வெளிக்கதவுதான் மூடியிருக்கிறதே' என்ற சமாதானம். அமெரிக்க மாநிலங்கள் பலவும் பின்பற்றும் ஐஆர்சி என்ற குடியிருப்புக் கட்டட விதித் தொகுப்பு இந்தக் கதவைப் பற்றித் தனியாகவே பேசுகிறது. 35 மில்லிமீட்டர் கனமுள்ள திட மரக் கதவாகவோ, அதே கனமுள்ள இரும்புக் கதவாகவோ, 20 நிமிடம் தீயைத் தாங்கும் கதவாகவோ இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் கவலை பூட்டைப் பற்றியது அல்ல, தீயைப் பற்றியது. கராஜில் பெட்ரோல் இருக்கும், பெயின்ட் இருக்கும், கார் இருக்கும். தற்செயலாக அந்தத் தீத்தடுப்புக் கதவு திருடனைத் தடுக்கவும் நல்ல கதவுதான். பூட்டினால்!

நான்காவது, மோட்டாரிலிருந்து தொங்கும் சிவப்புக் கைப்பிடிக் கயிறு. மின்சாரம் போனாலோ யாராவது கதவில் மாட்டிக்கொண்டாலோ இழுத்துவிட்டால், கொக்கி விடுபட்டுக் கதவைக் கையால் தூக்கலாம். வெளியே நின்றுகொண்டு, கதவின் மேல் விளிம்பில் இருக்கும் ரப்பர் இடுக்கு வழியாகக் கம்பியை விட்டு இதையே இழுத்துவிடலாம் என்பதைக் காட்டும் வீடியோக்கள் பல வருடங்களாகச் சுற்றுகின்றன. சில விநாடிதான் ஆகும் என்று தலைப்பு வேறு. பார்த்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கியது நியாயம்தான். ஆனால் அதற்கு அவர்கள் கண்டுபிடித்த மருந்துதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். அதைக் கொஞ்சம் பிறகு பார்க்கலாம்.

ஐந்தாவது, ரேடியோ அலை. பழைய ரிமோட்டுகளில் வரிசையாகச் சின்னச் சுவிட்சுகள் இருக்கும். 8 சுவிட்ச் என்றால் மொத்தமே 256 வகைதான் சாத்தியம். 12 என்றால் 4,096. கணக்கில் சுமாரான மாணவன்கூட இது போதாது என்று சொல்லிவிடுவான். 2015ல் சாமி காம்கர் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், மேட்டல் நிறுவனத்தின் ஒரு பழைய பொம்மையை மாற்றியமைத்து, இந்த மாதிரி நிலையான கோடு உள்ள கதவுகளைப் பத்து விநாடிக்குள் திறந்து காட்டினார். ஒவ்வொரு எண்ணாக அனுப்பினால் அரை மணி நேரம் பிடிக்கும் வேலை அது. எண்களை ஒன்றின் மேல் ஒன்று படியும்படி ஒரே சங்கிலியாக அனுப்பினால் நேரம் குறைகிறது என்பதுதான் சூட்சுமம்.

ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் எண் மாறும் ரோலிங் கோடு முறை 1990களிலேயே வந்துவிட்டது. அது எவ்வளவோ மேல். ஆனாலும் அதே காம்கர் அதே வருடம் ஆகஸ்டில், சுமார் 30 டாலர் செலவில் செய்த இன்னொரு கருவியால் அதையும் ஏமாற்றலாம் என்று டெஃப்கான் மாநாட்டில் விளக்கினார். ரிமோட்டின் சிக்னலைக் கதவுக்குப் போகவிடாமல் தடுத்து, அதைப் பதிவு செய்து வைத்துக்கொள்வது அதன் வேலை.

ஆறாவது, இன்டர்நெட். போனிலிருந்தே கதவைத் திறக்கும் கருவிகள் வந்துவிட்டன. 2023 ஏப்ரலில் அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா, நெக்ஸ் என்ற நிறுவனத்தின் ஸ்மார்ட் கராஜ் கருவிகளில் உள்ள ஓட்டைகளைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான கடவுச்சொல் ஒன்று இருந்ததுதான் அதில் முக்கியமான பிரச்சனை. தெரு முழுவதும் ஒரே சாவி என்றால் அதற்குப் பெயர் பூட்டா?

பயத்தின் வரிசையும் பணத்தின் வரிசையும்

இப்போது ஒரு கேள்வி. இந்த ஆறில் எதற்கு மக்கள் முதலில் பணம் செலவழிக்கிறார்கள்? ஐந்துக்கும் ஆறுக்கும். புது ஓப்பனர், புது ஆப், புது கேமரா. ஒன்று முதல் மூன்று வரை சரி செய்ய ஏறக்குறைய பணமே தேவையில்லை. பழக்கம்தான் தேவை. பழக்கத்தைக் கடையில் விற்க முடியாது என்பதால் அதற்கு விளம்பரமும் கிடையாது.

பி.காம். படிக்கிற யாருக்கும் ஆடிட்டிங் பாடத்தில் உள்கட்டுப்பாடு என்ற தலைப்பு ஞாபகம் இருக்கும். கட்டுப்பாடுகள் இரண்டு வகை. தவறு நடக்காமல் தடுப்பது ஒன்று. நடந்த பிறகு கண்டுபிடிப்பது இன்னொன்று. கல்லாப்பெட்டியின் சாவி ஒருவரிடம் மட்டும் இருப்பது முதல் வகை. மாதக் கடைசியில் பாஸ்புக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இரண்டாவது வகை. கராஜில் கேமரா என்பது இரண்டாவது வகை. முகமூடி போட்டவன் உங்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதைத் தெளிவாகப் படம் பிடித்துக் கொடுக்கும், அவ்வளவுதான். உள்கதவில் போட்ட தாழ்ப்பாள் முதல் வகை. கண்டுபிடிக்கும் கருவிக்கு முந்நூறு டாலரும் தடுக்கும் தாழ்ப்பாளுக்குச் சோம்பேறித்தனமும் என்றால், அந்தக் கம்பெனியின் ஆடிட்டர் என்ன எழுதுவார்?

கேமரா வேண்டாம் என்பதில்லை. வரிசை மாறக்கூடாது என்பதுதான் விஷயம். கம்பியோடும் ரேடியோ கருவியோடும் வருகிற கெட்டிக்காரத் திருடனுக்காகத் திட்டம் போடுவதற்கு முன்னால், திறந்திருக்கும் கதவு வழியாகச் சும்மா நடந்து வருகிற சாதாரணத் திருடனுக்காகத் திட்டம் போட வேண்டும்.

சிவப்புக் கயிற்றைக் கட்டிப்போடலாமா?

இப்போது அந்த நான்காவது ஓட்டைக்கு வரலாம். கம்பி வீடியோவைப் பார்த்த பலர் செய்கிற வேலை இது. இரண்டு காசு பெறாத ஒரு கேபிள் டையை எடுத்து, அந்த எமர்ஜென்சி கொக்கியை அசையாதபடி இறுக்கிக் கட்டிவிடுவது. சிலர் கயிற்றையே அறுத்து எடுத்துவிடுகிறார்கள். வேலை முடிந்தது, கம்பி விட்டு இழுத்தாலும் கதவு திறக்காது. மலிவு, சுலபம், ஐந்து நிமிட வேலை. இணையத்தில் இதைச் சிபாரிசு செய்கிறவர்கள் ஏராளம்.

அந்தக் கயிறு ஏன் அங்கே தொங்குகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் யாருக்கும் கட்டக் கை வராது.

தானியங்கிக் கதவுகள் பரவலான காலத்தில் அவற்றின் அடியில் சிக்கிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அதனால்தான் அமெரிக்க நாடாளுமன்றம் 1990ல் சட்டம் கொண்டுவந்து, 1993 ஜனவரி 1க்குப் பிறகு தயாராகும் வீட்டு ஓப்பனர்களில் ஆள் சிக்காமல் தடுக்கும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்று ஆக்கியது. கதவின் அடிப்பக்கம் இரண்டு ஓரத்திலும் தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேல் போகாமல் இருக்கும் சின்னக் 'கண்கள்' அந்தச் சட்டத்தின் விளைவாகப் பரவியவை. சிவப்புக் கைப்பிடியும் இதே குடும்பம்தான். மோட்டார் சொன்ன பேச்சைக் கேட்காதபோது மனிதன் கையில் இருக்கும் கடைசி வழி அது.

2017 அக்டோபரில் வடக்கு கலிபோர்னியாவில் பெரும் காட்டுத்தீ பரவியது. சான்டா ரோசா நகரின் குடியிருப்புகள் தெருத் தெருவாக எரிந்தன. ராத்திரி நேரம். மின்சாரம் போய்விட்டது. கராஜுக்குள் கார் இருக்கிறது, சாவி கையில் இருக்கிறது, ஆனால் கதவு திறக்கவில்லை. வயதானவர்கள் சிலரால் கதவை விடுவித்துத் தூக்க முடியவில்லை. அப்படி மாட்டிக்கொண்டு உயிர் இழந்தவர்களும் உண்டு. அடுத்த வருடமே, 2018ல், கலிபோர்னியா ஒரு சட்டம் நிறைவேற்றியது. 2019 ஜூலை 1 முதல் அந்த மாநிலத்தில் விற்கவோ பொருத்தவோ படும் வீட்டுக் கராஜ் ஓப்பனர்களில் மின்சாரம் போனாலும் வேலை செய்யும் பேட்டரி இருக்க வேண்டும். மீறினால் ஓப்பனர் ஒன்றுக்கு 1,000 டாலர் அபராதம்.

ஒரு மாநிலமே 'உள்ளே இருப்பவர் வெளியே வர வேண்டும்' என்று சட்டம் போடுகிறது. அதே கதவில் ஒரு வீட்டுக்காரர் கேபிள் டை போட்டு எதிர்த்திசையில் வேலை பார்க்கிறார். இதுதான் அந்த இரண்டாவது தவறு.

எதிர்த்தரப்பு வாதத்தையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். 'திருட்டு தினம் தினம் நடக்கிறது, காட்டுத்தீ எப்போதோ ஒருமுறை. எது அதிகம் நடக்குமோ அதற்குத்தானே தயாராக வேண்டும்?' என்கிறார்கள். கணக்காகப் பார்த்தால் சரி போலத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கில் இரண்டு பக்கம் உண்டு. நடக்கும் வாய்ப்பு ஒரு பக்கம், நடந்தால் ஆகும் நஷ்டம் இன்னொரு பக்கம். சைக்கிளும் டிரில் மெஷினும் போனால் இன்ஷூரன்ஸில் ஓரளவு வரும், வராவிட்டாலும் சம்பாதித்துக்கொள்ளலாம். மூடிய கராஜில் புகைக்கு நடுவே நிற்கிற அப்பாவுக்கு எந்தக் கம்பெனி என்ன கொடுக்கும்? இரண்டையும் ஒரே பத்தியில் போட்டுக் கூட்டுவதே தவறு.

'மெல்லிய டைதான், அவசரத்தில் பலமாக இழுத்தால் அறுந்துவிடும்' என்று இன்னொரு வாதம். யார் இழுத்தால்? ஆறடி உயரமுள்ள வீட்டுக்காரர் நல்ல வெளிச்சத்தில் இழுத்துப் பார்த்துச் சொல்கிறார். இருட்டில், புகையில், ஊரிலிருந்து ஆறு மாத விசாவில் பேரனைப் பார்த்துக்கொள்ள வந்த பாட்டி இழுத்தால்? அந்தப் பாட்டிக்குச் சிவப்புக் கயிறு எதற்கு என்று யாராவது சொல்லியாவது இருக்கிறார்களா? பகல் முழுக்க அந்த வீட்டில் இருப்பது பாட்டியும் பேரனும்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமே இல்லை. கொக்கியை மேலிருந்து வரும் கம்பி தொட முடியாதபடி மறைக்கும் சின்னத் தகடுகள் விற்கின்றன. உள்ளே நின்று கீழ்நோக்கி இழுத்தால் கயிறு எப்போதும் போல வேலை செய்யும். வெளியிலிருந்து வரும் கம்பிக்கு மட்டும் வழி அடைபடும். உள்கதவில் நல்ல தாழ்ப்பாள் இருந்துவிட்டால், கம்பிக்காரன் கராஜுக்குள் வந்தாலும் வீட்டுக்குள் வர முடியாது. அந்தத் தாழ்ப்பாளும் வீட்டுப் பக்கம் கையால் திருகித் திறக்கிற மாதிரி இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் சாவி கேட்கும் பூட்டைப் போட்டால் பழைய கதைதான்.

யாருடைய கதவு?

இதே கேள்வி ஒருமுறை நீதிமன்றத்துக்கும் போனது. ரோலிங் கோடு ஓப்பனர் தயாரிக்கும் சேம்பர்லின் நிறுவனம், அந்த ஓப்பனர்களைத் திறக்கக்கூடிய பொது ரிமோட் தயாரித்த ஸ்கைலிங்க் நிறுவனத்தின் மேல் டிஜிட்டல் காப்புரிமைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டது. 2004ல் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஸ்கைலிங்க் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கம்பெனிகளின் சண்டை அது. ஆனாலும் ஒரு சாதாரண வீட்டுக்காரருக்கு அதில் ஒரு விஷயம் இருக்கிறது. கதவை வாங்கியவருக்கு அதைத் திறக்கும் உரிமை உண்டு, பாதுகாப்பு என்ற பெயரைச் சொல்லி அந்த உரிமையை எடுத்துவிட முடியாது. கம்பெனி எடுத்தால் கோபம் வருகிறது. அதையே வீட்டுக்காரர் தன் குடும்பத்துக்குக் கேபிள் டை போட்டு எடுக்கும்போது மட்டும் ஏன் புத்திசாலித்தனமாகத் தெரிகிறது?

என்ன செய்யலாம்?

பணம் குறைவாகும் வேலையிலிருந்து அதிகமாகும் வேலை வரை:

1. இரவு படுக்கப் போகும் முன் கராஜ் கதவு முழுதாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். கேஸ் சிலிண்டரை மூடிவிட்டோமா என்று பார்க்கிற மாதிரி. செலவு பூஜ்யம்.

2. வெளியே நிற்கும் காரில் ரிமோட்டை வைக்காதீர்கள். சாவிக்கொத்தில் மாட்டும் சின்ன ரிமோட் கிடைக்கும். காரை விற்கும்போது அதன் பொத்தான் நினைவகத்தை அழியுங்கள்.

3. பழைய வீட்டை வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ குடிபோனால், ஓப்பனரின் நினைவகத்தை முழுதாக அழித்துவிட்டு உங்கள் ரிமோட்டை மட்டும் புதிதாகச் சேருங்கள். முன்பு இருந்தவர் யார் யாருக்கு ரிமோட் கொடுத்தார் என்று யாருக்குத் தெரியும்? கதவோரம் எண் பலகை இருந்தால் அந்த எண்ணையும் மாற்றுங்கள்.

4. உள்கதவைப் பூட்டுங்கள். பகலிலும். டெட்போல்ட் இல்லை என்றால் போடுங்கள்.

5. சிவப்புக் கயிற்றைக் கட்டாதீர்கள். மறைக்கும் தகடு போடுங்கள். வீட்டில் உள்ள எல்லோரும், பாட்டி உட்பட, ஒருமுறை கதவு மூடியிருக்கும்போது இழுத்துத் தூக்கிப் பழகட்டும். கதவு மேலே திறந்திருக்கும்போது மட்டும் இழுத்துப் பார்க்காதீர்கள். ஸ்பிரிங் பழுதாகியிருந்தால் கதவு தடாலென்று விழும்.

6. கையால் தூக்க முடியாத அளவு கதவு கனக்கிறது என்றால் ஸ்பிரிங்கில் கோளாறு என்று அர்த்தம். அதை வீட்டில் கழற்றிப் பார்க்காமல் தொழில் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். முறுக்கிய ஸ்பிரிங் விடுபட்டால் கையை முறித்துவிடும்.

7. ரிமோட்டுக்குள் சுவிட்ச் வரிசை இருக்கும் பழைய ஓப்பனர் என்றால் மாற்றுவதற்குச் செலவழிக்கலாம். ரோலிங் கோடும் பேட்டரியும் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். போனோடு இணைத்தால் கடவுச்சொல்லை உடனே மாற்றி, வருகிற அப்டேட்டுகளைப் போட்டுக்கொண்டே இருங்கள்.

8. கேமரா கடைசியில்.

நீண்ட நாள் ஊருக்குப் போகும்போது மட்டும் கதை வேறு. அப்போது ஓப்பனரின் மின்சாரத்தை எடுத்துவிட்டு, கதவின் உள்பக்கத் தாழ்ப்பாளைத் தண்டவாளத்துக்குள் தள்ளிப் போட்டுவிடலாம். உள்ளே ஆள் இல்லை, அதனால் இறுக்கிப் பூட்டலாம். திரும்பி வந்ததும் தாழ்ப்பாளை எடுத்த பிறகே மோட்டாரைப் போட வேண்டும். இல்லாவிட்டால் மோட்டாரும் கதவும் சண்டை போட்டு இரண்டும் கெடும்.

இந்த வித்தியாசம் தமிழ்நாட்டுக் கடைக்காரருக்குத் தெரியும். ராத்திரி ஷட்டரை இழுத்து இரண்டு பக்கமும் பூட்டு மாட்டும்போது உள்ளே ஆள் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் மாட்டுவார். ஆள் இல்லாத இடத்துக்கு ஒரு பூட்டு, ஆள் இருக்கிற இடத்துக்கு வேறு பூட்டு. ஆனால் அதே கடைக்காரர் வீட்டுக்குப் போய், கிரில் கேட்டை உள்ளே பூட்டி, சாவியை பீரோவுக்குள் எங்கோ வைத்துவிட்டுத் தூங்குவார். ஜன்னலுக்கெல்லாம் கம்பி. நடுராத்திரியில் சமையலறையில் தீப்பிடித்தால் சாவி எங்கே என்று வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? கராஜ் இல்லாத ஊரிலும் கேபிள் டை இருக்கத்தான் செய்கிறது, பெயர்தான் வேறு.

பூட்டு வாங்கப் போகும்போது கடைக்காரரிடம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி, 'இதைத் திருடன் உடைக்க எவ்வளவு நேரம் ஆகும்?' அதோடு இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும். இதை நம் வீட்டுப் பாட்டி இருட்டில் திறக்க எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டுக்கும் நல்ல பதில் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம்.